மலை ஏரியில் தூண்டில்

நம் புதுக்கோட்டைக் கண்மாய்களில் தூண்டில் போடப் பழகியவர், நீலகிரி மலைக்குப் போனால் புதிதாகப் பாடம் கற்க வேண்டும். அங்கே நீரும் வேறு, மீனும் வேறு.

நம் விரால், வெதுவெதுப்பான கலங்கல் நீரிலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். மலையிலுள்ள டிரௌட் மீனோ அப்படிப் பிழைக்காது. பிராணவாயு மிகுதியாகக் கரைந்திருக்கும் குளிர்ந்த தெளிநீரே அதற்கு வேண்டும். அயல்நாட்டிலிருந்து வந்த இம்மீனுக்காக 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டது.

மலையேறுவோர் சுமக்க வேண்டியது சொற்பமே: மடக்குக் கோல், மெல்லிய நரம்பு, சில சிறு தூண்டில் முட்கள், கம்பளி, மழைச்சட்டை. மெல்லிய நரம்பு பலமாக இழுத்தால் அறுந்துபோகும். ஆதலால் முதலில் ஊர்க் கண்மாயில் அதைக் கையாளப் பழகுங்கள். மலையில் ஓடை வந்து ஏரியில் விழும் இடமே நல்லது. இரை அங்கே மிதந்து வரும். உங்கள் நிழல் நீரில் விழலாகாது. விழுந்தால் மீன் ஓடிவிடும்.

மூன்று காரியங்களை மறவாதீர்கள். முதலாவது, மீன்துறை, வனத்துறை அனுமதியுள்ள இடத்தில் மட்டுமே தூண்டில் போடுங்கள். இரண்டாவது, சிறு மீனைக் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, நீரிலேயே விட்டுவிடுங்கள். உலர்ந்த கை பட்டால் அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பு போய்விடும். மூன்றாவது, அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள். அது பறவைகளின் காலில் சுற்றி உயிரையே மாய்க்கும்.

ஒரு வேளைக் குழம்புக்குக் கிடைத்தால் போதும், கோலை மடக்கிவிடுங்கள். மிச்சம் நாளை வருகிறவருக்கு இருக்கட்டும்.