தண்டப்பணம் ஒரு பைக்கு, சிறைச் சாப்பாடு இன்னொரு பையிலிருந்து

கேள்வி: எங்கள் தோட்டத்தில் கசிப்பு விற்றுப் பிடிபட்ட ஒருவர், தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் பதுளைச் சிறையில் இருக்கிறார். மனைவி கொழுந்து பறித்து மூன்று பிள்ளைகளைப் பார்க்கிறார். ஆனாலும் கசிப்பால் அல்லற்படும் பெண்கள் பலர், “தண்டத்தை இன்னும் கூட்டணும், அரசாங்கத்துக்கும் காசு சேரும்” என்கிறார்கள். மாதர் சங்கத்தின் பேரில் அப்படி ஒரு மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. சட்டத்தைக் கடுமையாக்கினால் அரசாங்கத்துக்கு வரவா, செலவா?
— ஒரு வாசகி, பசறை

பதில்: மனுவை எழுதுங்கள் அம்மா. அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

2024 வர்த்தமானிப்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. நீதவான் 20,000 ரூபாய் தண்டம் விதிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் அது 15 நாள் பேர், அதாவது 15 நாள் கூலி. கடைக்கடன், சீட்டு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எதையும் தொடாமல், மழையில் ஒரு நாள்கூட அரைப்பேர் விழாமல், பதினைந்து நாள். தண்டத்தை 60,000 ஆக்கினால் 45 நாள் பேர். லயத்தில் அவ்வளவு காசைப் புரட்ட எத்தனை பேரால் முடியும்? முடியாதவர் கட்டாத தண்டத்துக்குப் பதிலாகச் சிறைக்குப் போகிறார். அந்த நிமிடமே அரசாங்கத்தின் வரவு செலவாக மாறிவிடுகிறது. இலங்கையில் தண்டனை பெற்றுச் சிறைக்குள் வருவோரில் பெரும்பகுதியினர் இப்படித் தண்டம் கட்ட முடியாமல் வருபவர்கள்தான்.

வரவும் செலவும் ஒரே பையில் இருந்தால் யாராவது கணக்குப் பார்த்திருப்பார்கள். இங்கே பை இரண்டு. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம், நீதிமன்றங்கள் விதிக்கும் தண்டப்பணத்தை மாகாண சபையின் வருமானங்களில் ஒன்றாக வைத்தது. சட்டத்துக்குச் சட்டம் சில பங்கீடுகள் உண்டு என்றாலும், பொதுவான வழி அதுதான். மாகாண சபையிடமிருந்து அது பிரதேச சபைகளுக்கும் நகர சபைகளுக்கும் போகிறது. ஒரு பிரதேச சபையின் கணக்கறிக்கையைப் புரட்டினால், முத்திரை வரியோடு சேர்ந்து “நீதிமன்றத் தண்டப்பணம்” என்ற பதிவும் இருக்கும். சிறைச்சாலையோ மத்திய அரசாங்கத்துக்குரியது. கைதியின் மூன்று வேளைச் சாப்பாடு, மருந்து, காவலரின் சம்பளம், நீதிமன்றத்துக்குக் கூட்டிவரும் பஸ்ஸின் டீசல் எல்லாம் கொழும்புத் திறைசேரியிலிருந்து வருபவை. ஆகவே தண்டம் கூடினால் ஊவா மாகாணத்தில் யாருக்கும் கை கடிக்காது. கொழும்பில் கடிக்கும்போது, அது எந்தச் சட்டத்தால் வந்த வலி என்று அங்கே தெரியாது.

“ஒரு ஆள் கூடினால் அப்படியென்ன செலவு?” என்று கேட்கலாம். நியாயம்தான். ஒரு கைதி கூடியதற்காக இன்னொரு காவலரைச் சேர்க்கமாட்டார்கள். கூடுவது சோறும் மருந்தும் மட்டும். ஆனால் நம் நாட்டுச் சிறைகளில் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த நெரிசலைத் தீர்க்கப் புதுக் கட்டடமும் புது ஆளணியும் என்று வரும்போது, தனித்தனியே சிறிதாகத் தெரிந்த செலவெல்லாம் ஒரே பில்லாக வந்து நிற்கும்.

சிறைத்தண்டனையைக் கூட்டினாலும் இதே கதைதான். போதைப்பொருள் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தம் ஐஸ் போதைப்பொருளுக்குக் கடும் தண்டனையைக் கொண்டுவந்தது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் பிடிபட்ட பொருள் இன்னதுதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கை தரவேண்டும். அது வரும்வரை சந்தேகநபர் பெரும்பாலும் விளக்கமறியலில். ஆய்வுகூடத்துக்கும் மேல் நீதிமன்றத்துக்கும் ஆளும் பணமும் கூட்டாமல் தண்டனையை மட்டும் கூட்டினால், அந்தக் காத்திருப்புக்கான செலவைச் சிறைதான் சுமக்கும்.

இந்தச் செலவை ஏன் யாரும் முன்கூட்டியே பார்ப்பதில்லை? திரட்டு நிதியத்தில் கைவைக்கும் சட்டமூலத்தை அமைச்சரவை அனுமதியோடு ஓர் அமைச்சர்தான் கொண்டுவரலாம் என்கிறது அரசியலமைப்பின் 152ஆம் உறுப்புரை. தண்டனையைக் கூட்டும் சட்டமூலமோ நேரடியாகக் காசு கேட்பதில்லை. செலவு பின்னால் மெல்ல வரும். 2023இல் பாராளுமன்ற வரவு செலவுத் திட்ட அலுவலகத்துக்கென ஒரு சட்டம் வந்திருக்கிறது. குற்றவியல் சட்டங்களுக்கும் செலவுக் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்தாவது தொடங்கவேண்டும்.

தோட்டத்து ஆட்கள் அறியவேண்டிய ஒன்று இன்னும் இருக்கிறது. பிரதேச சபை தோட்டங்களில் செலவு செய்வதற்கு 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடை என்றே நீண்டகாலம் கொள்ளப்பட்டது. 2018 திருத்தம்தான் வழிவிட்டது. முப்பது வருடங்களாக லயத்திலிருந்து போன தண்டப்பணம் சபையின் பெட்டிக்குப் போனது. அந்தப் பெட்டியிலிருந்து லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் வருவதற்குச் சட்டம் குறுக்கே நின்றது.

இப்போது உங்கள் மனு. “தண்டத்தைக் கூட்டுங்கள்” என்பதற்குப் பதிலாக மூன்று விடயங்களைக் கேளுங்கள். ஒன்று, தண்டம் ஆளின் வருமானத்தைப் பார்த்து விதிக்கப்படவேண்டும்; தவணையில் கட்ட இடம் கொடுக்கவேண்டும். இரண்டு, கட்ட முடியாதவருக்குச் சிறைக்குப் பதில் சமுதாய வேலை. அதற்கு 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. புதுச் சட்டம் தேவையில்லை. பாடசாலைக் கூரையோ தோட்டத்துப் பீலியோ திருத்தும் ஆள் மாலையில் வீடு திரும்புவார், மறுநாள் பேரும் போடலாம். மூன்று, உங்கள் பிரதேச சபைக்கு வந்த தண்டப்பணம் எவ்வளவு, அதில் தோட்டங்களுக்குச் செலவானது எவ்வளவு என்ற கணக்கு. கசிப்பால் அடிபடும் பெண்களின் கோபம் நியாயமானது. காய்ச்சி விற்று மாடி கட்டியவரை அந்தக் கோபம் தொடட்டும். எடுபிடிக்குப் போனவரின் பிள்ளைகளைத் தொடவேண்டாம்.

உள்ளே இருப்பவரைப் பற்றி: தண்டத்தில் ஒரு பகுதியைக் கட்டினாலும் அதற்கேற்பச் சிறைநாட்கள் குறையும். மனைவியைப் பதுளையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். போகும்போது தீர்ப்பின் பிரதியும் சம்பளத் துண்டும் கையில் இருக்கட்டும். ஒரு நாள் பேர் போகும்தான். ஆனாலும் நாளைக்கே போகச் சொல்லுங்கள்.