வண்டி ஏன் தயங்குகிறது?

தனுவச்சபுரத்திலிருந்து வரும் கிளைச்சாலை உதியங்குளங்கரைக்கு அருகே நெடுஞ்சாலையோடு கூடுகிறது. பாறசாலைப் பக்கமிருந்து வரும் பேருந்துகள் அவ்விடத்தில் வேகத்தைக் குறைக்கும் வழக்கமில்லை. சென்ற ஆவணி மாதத்து முகூர்த்த நாளொன்றில் அந்த முனையில் நாங்கள் நின்றிருந்தோம். கார் ஓட்டியவர் என் தாய்மாமன், அருகில் நான். மணமக்களை ஏற்றிவரப் போய்க்கொண்டிருந்தோம். துணிக் கூரையைப் பின்னால் மடித்துவிடக்கூடிய, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் அயல்நாட்டு உயர்விலைக் கார் அது. மாமா இடைவெளி பார்த்து ஆக்சிலரேட்டரை மிதித்தார். வண்டி புறப்படவில்லை, நின்று யோசித்தது. யோசித்து முடித்த பின், வேண்டாத நேரத்தில், துள்ளிப் பாய்ந்தது. பேருந்து ஓட்டுநர் பிரேக்கை அழுத்தியிராவிடில் இக்கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனோ என்பது ஐயமே.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். ஆகவே, ஒரு நொடித் தயக்கம் என்பது அந்தப் பேருந்தின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தொலைவு. சொகுசுக் காரின் சிறு குறையைப் பற்றி மாணவர் இதழில் எழுதுவானேன் என்று கேட்கும் நண்பர்களுக்கு இதுவே என் விடை.

காரின் உரிமையாளர் வளைகுடா நாட்டில் பணியாற்றுபவர். மாமா அவருடைய ஓட்டுநர். “வண்டியில் குறையில்லை, ஓட்டத்தான் தெரியவில்லை” என்பது தொலைபேசி வழியே அவர் அளித்த தீர்ப்பு. பட்டறையில் காட்டியபோது வேறொரு தீர்ப்புக் கிடைத்தது. “வண்டி வலிக்குந்நில்ல” என்றார் அங்கிருந்தவர். மலையாளத்தில் வலித்தல் என்றால் இழுத்தல். தமிழ்க் காதுக்கோ, வண்டிக்கு நோவில்லை என்று சொல்வதுபோல் கேட்கும். எல்லையோரத்தில் வாழும் நமக்கு இத்தகைய வேடிக்கைகள் புதியனவல்ல. வண்டி இழுக்காமைக்கு மருந்தாக அவர் ஒரு சிறு பெட்டியைக் காட்டினார். மிதிக்கும் மிதியின் அடியில் அதைப் பொருத்திவிட்டால் கார் பறக்குமாம். விலை, மாமாவின் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி. உரிமையாளர் தரமாட்டார்; மாமா தம் பணத்தைப் போடவும் துணிந்துவிட்டார்.

“மக்கா, நீ சயின்ஸ் படிக்கியல்லா? சவுட்டுனா இது ஏன் நெனச்சு நெனச்சுப் போவுதுன்னு பாத்துச் சொல்லு. எனக்க கால்ல குத்தமா, வண்டியில குத்தமான்னு எனக்குத் தெரியணும்” என்றார்.

நான் பயில்வது இயற்பியல், மோட்டார்த் தொழிலன்று. எனினும், கால் மிதிப்பதற்கும் சக்கரம் உருள்வதற்கும் இடையே காலம் எங்கெங்கே செலவாகிறது என்பது அளவைப் பற்றிய கேள்வியன்றோ? அளவை நமக்கு அயலானதன்று. ஒரு வாரக் கடைசி முழுவதும் இதில் சென்றது.

பழைய கார்களில் மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையே ஓர் எஃகுக் கம்பி இருந்தது. 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரின் பழைய வண்டிகளை ஓட்டியவர் இதனை அறிவர். மிதித்தால் கம்பி இழுபடும். கம்பி இழுத்தால், எஞ்சினுக்குள் காற்றுச் செல்லும் குழாயில் உள்ள வட்டத் தகடு திரும்பி வழிவிடும். இத்தகட்டையே த்ராட்டில் என்கிறோம். அங்கே காலுக்கும் தகட்டுக்கும் நடுவில் கருத்துச் சொல்ல எவருமில்லை. இக்காலக் கார்களில் அக்கம்பி இல்லை. மிதியில் இரண்டு உணர்விகள் இருக்கின்றன. கால் எவ்வளவு அழுந்திற்று என்பதை அவை மின்னழுத்தமாக மாற்றி எஞ்சின் கணிப்பொறிக்கு அனுப்புகின்றன. ஒன்று பொய் சொன்னால் மற்றொன்று காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு. கணிப்பொறி தன் அட்டவணையைப் பார்த்து, ஒரு சிறு மின்மோட்டார் வாயிலாகத் தகட்டைத் திருப்புகிறது. 1980களின் பிற்பகுதியில் பி.எம்.டபிள்யூ. 750 காரில் வந்த இம்முறை இன்று சிறு கார்களுக்கும் வந்துவிட்டது.

இந்த அட்டவணையில்தான் பட்டறைக்காரரின் பெட்டி விளையாடுகிறது. பாதி மிதித்தால் தகடு பாதி திறக்க வேண்டும் என்று விதியில்லை. எரிபொருள் மிச்சமாகவும் பயணம் மென்மையாகவும் இருக்கவேண்டி, முதற்பாதி மிதிப்புக்குக் குறைவாகவே திறக்குமாறு பலர் அமைக்கின்றனர். அப்பெட்டியோ மிதியின் உணர்விக்கும் கணிப்பொறிக்கும் நடுவே புகுந்து, கால் முப்பது பங்கு மிதித்ததை ஐம்பது பங்கு என்று சொல்கிறது. அவ்வளவே. கால் முழுதும் மிதித்துவிட்ட பிறகு அதற்குச் சொல்ல எதுவுமில்லை. நூற்றுக்கு மேல் எண் ஏது? அது எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறனும் கூட்டுவதில்லை. மாமா அன்று முனையில் மிதித்தது முழு மிதி. ஆகவே அந்தப் பெட்டி இருந்திருந்தாலும் பேருந்து அதே இடத்தில்தான் வந்திருக்கும்.

இஃது என் ஊகம். ஊகத்தை வைத்து மாமாவுக்கு விடை சொல்ல இயலாது. ஆகவே அளந்தோம். காரின் கணிப்பொறியோடு பேசும் சிறு ஓ.பி.டி. கருவி ஒன்றை நண்பரிடம் இரவல் பெற்றேன். அது மிதியின் நிலை, தகட்டின் நிலை, எஞ்சினின் சுழற்சி, உட்குழாயில் காற்றின் அழுத்தம் ஆகியவற்றைக் காட்டும். ஆயினும் அது நொடிக்குச் சில முறைதான் பேசும். ஆதலின் கைப்பேசியை மிதியருகே வைத்து, மெதுவாக ஓட்டிப் பார்க்கத்தக்க வேகத்தில் படமும் எடுத்தேன். மூன்று சோதனைகள் செய்தோம். முதலாவது, கியரை விடுவித்து நின்ற நிலையில் மிதிப்பது. அடுத்தது, இரண்டாம் கியரிலேயே பிடித்துவைத்து, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரேயடியாக மிதிப்பது. கடைசியாக, கியர் மாற்றத்தை வண்டியின் விருப்பத்துக்கே விட்டு மிதிப்பது. விடியற்காலையில், ஆளில்லாச் சாலையில் செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதற்சோதனையில் மிதியும் தகடும் ஒன்றையொன்று ஒட்டியே நகர்ந்தன. மாமாவின் காலிலும் குற்றமில்லை, கணிப்பொறியிலும் குற்றமில்லை. வியப்பு இரண்டாவதில் இருந்தது. தகடு உடனே முழுதும் திறந்துவிட்டது. கியர் மாறவே இல்லை. ஆனால் குழாயில் அழுத்தம் ஏறாமல் தேங்கி நின்று, பிறகு சோம்பலாக ஏறிற்று. கதவு திறந்திருக்கிறது, விருந்தினர் வரவில்லை என்பது போன்ற நிலை.

இவ்விடத்தில் டர்போவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சிறு விசிறியைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையிலுள்ள விசிறி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். வீணாகும் ஆற்றலைக் கொண்டு கூடுதல் மூச்சு வாங்கும் இத்தந்திரத்துக்கு ஸ்விட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் புக்கி காப்புரிமை பெற்றது 1905இல். ஆட்டோமேட்டிக் கியர்ப்பெட்டியின் முகப்பில் நிற்கும் டார்க் கன்வர்ட்டருக்கு மூலமான காப்புரிமையை ஜெர்மானியரான ஹெர்மன் ஃபோட்டிங்கர் பெற்றதும் அதே 1905இல்தான். அவர் அதைக் கப்பலுக்காக எண்ணினார். இயற்பியல் மாணவர்களாகிய நாம் அவ்வாண்டை ஐன்ஸ்டைனின் ஆண்டு என்று மட்டுமே மனப்பாடம் செய்திருக்கிறோம். மாமாவின் காரில் தயக்கம் பிறக்கக்கூடிய இரண்டு உறுப்புகளும் அவ்வாண்டின் பிள்ளைகள் என்பது எனக்கு மகிழ்ச்சியளித்தது. மாமாவுக்கு அளிக்கவில்லை.

டர்போவின் விசிறிக்கும் நிலைமம் உண்டு. மிதித்தவுடன் புகை பெருகி, புகை விசிறியை விரைவுபடுத்தி, விசிறி காற்றை அமுக்கச் சிறிது காலம் பிடிக்கும். இது நோயன்று, இயல்பு. ஆனால் நாங்கள் கண்ட தாமதம் இயல்புக்கு மிகுதி. அமுக்கப்பட்ட காற்று வழியில் எங்கோ கசிந்தால், விசிறி உழைத்தும் அழுத்தம் ஏறாது. ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவது போலத்தான்.

தனுவச்சபுரத்து அரசினர் ஐ.டி.ஐ.யில் பயின்ற இளைஞர் ஒருவர் ஊரிலேயே தனியாக மெக்கானிக் வேலை பார்க்கிறார். அவரிடம் படத்தையும் எண்களையும் காட்டினேன். அவர் அதிகம் பேசவில்லை. காற்றுவழியின் வாயை அடைத்து, மெல்லிய அழுத்தத்தில் காற்றை விட்டு, ரப்பர்க் குழாய்களின்மேல் சோப்பு நீரைத் தடவினார். டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குச் செல்லும் குழாயில், கிளிப்பின் ஓரத்தில், நுரை பொங்கிற்று. விரலால் வளைத்தபோதுதான் பிளவு தெரிந்தது. எஞ்சின் சும்மா ஓடும்போது அது மூடிக்கொள்ளும். அழுத்தம் வந்தால் வாய் திறக்கும். பட்டறையில் கண்ணால் பார்த்துக் குறையில்லை என்றதற்குக் காரணம் இதுவே. பிளவைச் சுற்றிப் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் முன்பே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது, கேட்பாரில்லை.

குழாய் மாற்றப்பட்டது. கையோடு காற்று வடிகட்டியையும் மாற்றினோம். த்ராட்டில் தகட்டின் விளிம்பில் கரி படிந்திருந்தது. அதை அதற்குரிய திரவம் தோய்த்த துணியால் துடைத்தார். மின்மோட்டாரால் திரும்பும் தகட்டைக் கைவிரலால் தள்ளக்கூடாது, உள்ளேயிருக்கும் சிறு பற்சக்கரங்கள் கெடும் என்று எச்சரித்தார். துடைத்தபின் தகட்டின் மூடிய நிலையைக் கணிப்பொறிக்கு மறுபடி கற்பிக்க வேண்டும். இல்லாவிடில் நின்ற நிலையில் எஞ்சின் தடுமாறும். காற்றின் அளவைக் காட்டும் சூட்டுக்கம்பி உணர்வியும் தூசு படிந்தால் குறைத்துச் சொல்லும். எங்கள் வண்டியில் அது நலமாகவே இருந்தது.

நிற்க. மூன்றாவது சோதனை இன்னும் எஞ்சியிருக்கிறது. குழாய் மாற்றிய பிறகு இரண்டாம் கியர்ச் சோதனையில் அழுத்தம் விறுவிறுவென ஏறிற்று. ஆனால் வண்டியை அதன் விருப்பத்துக்கு விட்டபோது சிறு தயக்கம் மீண்டும் தலைகாட்டியது. இது கியர்ப்பெட்டியின் பங்கு. சொகுசு நிலையில் இவ்வண்டி இரண்டாம் கியரிலேயே புறப்படும். குலுக்கலில்லாமல் நகரவே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். ஓடும்போது திடீரென மிதித்தால், உயர்கியரிலிருந்து கீழ்க்கியருக்கு வர வேண்டும். ஒரு கிளச்சு விடுபட, மற்றொன்று பற்ற, எண்ணெய் அழுத்தம் மாற வேண்டும். டார்க் கன்வர்ட்டரில் எஞ்சினின் பக்கத்துச் சக்கரம் முதலில் சுழன்று, நடுவிலுள்ள எண்ணெயை எறிந்து, அவ்வெண்ணெய்தான் மறுபக்கத்தைச் சுழற்றுகிறது. இருபுறமும் இரும்பாற் பிணைந்ததன்று அது. அந்த எண்ணெய் பழசானால் கியர் மாற்றமும் மந்தமாகும். ஆயுட்காலம் முழுதும் மாற்ற வேண்டா என்று சில கையேடுகளில் எழுதியிருக்கும். ஆனால் கியர்ப்பெட்டி செய்யும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்றப் பரிந்துரைக்கிறது. மாமாவின் வண்டி அந்த எல்லையை நெருங்குகிறது, உரிமையாளருக்கு எழுதியிருக்கிறோம்.

கூரை மடங்கும் காருக்கு இன்னொரு சுமையும் உண்டு. எஃகுக் கூரை என்பது மழைக்கு மட்டும் இருப்பதன்று. உடலை முறுகாமல் கட்டிப்பிடிப்பதும் அதுவே. கூரையை எடுத்துவிட்டால் அடித்தளத்தை வலுப்படுத்த வேண்டும். மடக்கும் பொறியும் அதன் மோட்டார்களும் சேரும். ஆகவே, கூரை குறைந்த கார் எடை கூடியதாகிறது. விசை அதுவே, நிறை மிகுதி, முடுக்கம் குறைவு. நியூட்டனிடம் யாரும் சலுகை பெற முடியாது. நம் வெயிலும் துணைபுரிகிறது. 15 பாகைச் செல்சியஸில் இருக்கும் காற்றைவிட 35 பாகையிலிருக்கும் காற்று ஏறத்தாழ ஆறரை விழுக்காடு அடர்த்தி குறைந்தது. எஞ்சின் உறிஞ்சும் உயிர்க்காற்றும் அந்த அளவு குறையும்.

எஞ்சின் கணிப்பொறியின் அட்டவணையையே மாற்றித் தருவோரும் நகரங்களில் இருக்கின்றனர். டர்போ வண்டியில் அதனால் திறன் உண்மையாகவே கூடும். பெட்டியைப் போன்ற ஏமாற்றன்று. ஆனால் கூடிய முறுக்கத்தைக் கியர்ப்பெட்டியின் கிளச்சுகள் தாங்க வேண்டும். சட்டத்தையும் மறத்தலாகாது. உற்பத்தியாளர் குறித்த அமைப்பினின்று வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை உறுதியாகவே எடுத்துரைத்தது. பிளந்த குழாயை வைத்துக்கொண்டு அட்டவணையை மாற்றியிருந்தால், ஓட்டைப் பானைக்குப் பெரிய வாளியில் நீர் ஊற்றியிருப்போம்.

அளந்த எண்களை ஒரு தாளில் வரைபடமாக்கி, மாமா அதனை உரிமையாளருக்குப் புகைப்படமாக அனுப்பினார். குழாயின் விலையை அவர் தந்துவிட்டார். ஓட்டத் தெரியவில்லை என்ற பேச்சைத் திரும்பப் பெறவில்லை, மீண்டும் சொல்லவுமில்லை.

ஐப்பசியில் மறுபடியும் ஒரு முகூர்த்தம். அதே கிளைச்சாலை, அதே முனை. மாமா வண்டியை நிறுத்தி, கியர்க் கோலை ‘எஸ்’ என்று குறித்த நிலைக்குத் தட்டினார். அந்நிலையில் வண்டி முதற்கியரில் புறப்படும். பாறசாலைப் பக்கமிருந்து ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது. இடைவெளி போதும் என்று எனக்குத் தோன்றிற்று. மாமா மிதிக்கவில்லை. பேருந்து போன பிறகு, “இப்பம் போலாம்” என்றார்.