மேல்மாடிக்கு அனுமதி இல்லை, வீட்டை வாங்கலாமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் அரை கிரவுண்டில் ஒரு தனி வீடு விலைக்கு வந்திருக்கிறது. அப்ரூவல் பெற்ற மனை. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எதிலும் குறையில்லை. 2004-ல் தரைத்தளமும் முதல் மாடியுமாக 1,600 சதுர அடிக்கு பிளான் வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். 2015-ல் அதன்மேல் இன்னொரு 750 சதுர அடி எழுப்பி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதற்கு அனுமதி இல்லை. கார் நிறுத்த விட்ட இடத்தில் இப்போது ஒரு சின்னக் கடை. "மூன்று தளத்துக்கும் சொத்து வரி கட்டுகிறோம், மேலே தனி ஈ.பி. மீட்டரே இருக்கிறது, பிறகு வரன்முறை செய்துகொள்ளலாம்" என்கிறார் உரிமையாளர். வங்கியோ கீழ் இரண்டு தளங்களுக்குத்தான் கடன் தருமாம். மீதியை ரொக்கமாகக் கேட்கிறார்கள். வாங்கலாமா?

— வாசகர், குரோம்பேட்டை

பதில்: வங்கியின் மதிப்பீட்டாளர் மேல்மாடிக்குப் போட்ட மதிப்பு பூஜ்யம். நீங்களும் அதையே போடுங்கள். மனைக்கும் அந்த 1,600 சதுர அடிக்கும் என்ன பெறுமோ அதுதான் இந்த வீட்டின் விலை. அதற்கு உரிமையாளர் இறங்கி வந்தால் மேற்கொண்டு பேசலாம். மேல்மாடி வாடகையைக் காட்டித்தான் இப்படிப்பட்ட வீடுகளுக்கு விலை ஏற்றுவார்கள். நாளைக்கு சீல் வைத்தால் வாடகை நின்றுபோகும், வங்கித் தவணை நிற்காது. நோட்டீஸும் கட்டியவரைத் தேடிப் போகாது, அன்றைய உரிமையாளரான உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

வரி ரசீதைப் பார்த்து மயங்க வேண்டாம். வரி வசூலிப்பது வருவாய்ப் பிரிவு, கட்ட அனுமதிப்பது நகரமைப்புப் பிரிவு. வரி வாங்கிக்கொண்டதால் அனுமதி கொடுத்ததாக ஆகிவிடாது. மின் இணைப்பும் அப்படியே. பத்திரம் பதிவாகிவிட்டாலும் மாடிக்கு அனுமதி கிடைத்ததாக அர்த்தமில்லை. மனை அப்ரூவலைக் காட்டியே கட்டடத்தையும் விற்றுவிடுகிற சாமர்த்தியசாலிகள் நம் ஊரில் நிறைய.

'பிறகு வரன்முறை' என்பது வெறும் பேச்சு. தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவு 1.7.2007 வரை கட்டிய கட்டடங்களுக்கானது. 2015-ல் எழுந்த மாடி அந்தக் கணக்கிலேயே வராது. புதிய சலுகை வரும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. மீரட் வழக்கொன்றில் 17.12.2024 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், எத்தனை ஆண்டு கடந்தாலும் எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் அனுமதியற்ற கட்டடம் சட்டபூர்வமாகிவிடாது என்று சொல்லிவிட்டது.

ஒரு வழி இருக்கிறது. 2019-ம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரண வீட்டுக்கு எஃப்.எஸ்.ஐ. 2. உங்கள் 1,200 சதுர அடி மனையில் 2,400 சதுர அடி வரை கட்டலாம். இப்போது இருப்பது 2,350. "கணக்குக்குள்தானே இருக்கிறது" என்று தரகர் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அரை கிரவுண்டு வீடுகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் செட்பேக்கில், அதாவது கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய காலியிடத்தில். மாடி ஏற்றும்போது பக்கச் சந்தில் படிக்கட்டை வைப்பார்கள், பால்கனியைச் சுற்றுச்சுவர் வரை இழுப்பார்கள். கார் நிறுத்தும் இடம் கடையானது தனிக் குற்றம். இவற்றையெல்லாம் சரிசெய்து, திருத்திய பிளானுக்கு உரிமையாளர் தம் பெயரிலேயே விண்ணப்பிக்கட்டும். இந்த அளவு வீட்டுக்கு உள்ளாட்சி அலுவலகமே அனுமதி தரலாம். அந்த உத்தரவு கைக்கு வந்த பிறகு முழு விலை பேசுங்கள். அதற்குமுன் ஒப்பந்தம் போட்டே ஆகவேண்டும் என்றால், அனுமதி கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வரும் என்று அதில் எழுதி வாங்குங்கள்.

வாங்கிய பிறகு வழக்குப் போடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். சொத்தின் மறைவான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது சொத்து மாற்றச் சட்டத்தின் 55-வது பிரிவு. உங்களுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கிறதே!

சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை அஸ்திவாரம். 2004-ல் இரண்டு தளத்துக்குப் போட்டது இப்போது மூன்றைச் சுமக்கிறது. தூண்கள் எழுப்பிக் கட்டிய வீடா, செங்கல் சுவரே பாரம் தாங்குகிற வீடா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துப் பாருங்கள். சுவரே தாங்குகிற வீடென்றால், அவர் எழுத்தில் உறுதி தராமல் வாங்காதீர்கள். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ரொக்க விஷயத்துக்கு வருகிறேன். வீடு, நிலம் விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் வாங்கியவருக்குத்தான். ஆனால் பத்திரத்தில் ஏறாத பணத்தைப் பின்னால் திருப்பிக் கேட்க உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. மேல்மாடியைப் பத்திரத்தில் காட்ட வேண்டாம் என்று சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். குறைத்துக் காட்டியது தெரியவந்தால் மீதி முத்திரைத் தீர்வையைப் பதிவுத்துறை உங்களிடம்தான் கேட்கும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அனுமதி எண்ணைக் கேட்டு வாங்கி, பிளானின் சான்றிட்ட நகலை உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து பெறுங்கள். கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அந்த நகலோடும் டேப்போடும் வீட்டை நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். இதற்கு உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு வீடு பாருங்கள்.