ஆறு தந்தி நான்கானது

குயிலாப்பாளையத்தை அடுத்த ஆரோவில்லில் 2003 முதல் ‘ஸ்வரம்’ என்னும் இசைக்கருவிப் பட்டறை இயங்கி வருகிறது. அந்த ஆசையில் நாங்களும் உதிரிப் பாகங்களாக வந்த மின்கிதார் ஒன்றைப் பூட்டினோம். எங்களுக்கு வேண்டியவை வீணையைப் போல நான்கே வாசிப்புத் தந்திகள்.

முதலில் மந்தரத்துக்கு வீணையின் பித்தளைத் தந்தியையே கட்டினோம். ஒலிபெருக்கியில் பேச்சே இல்லை! தந்திகளின் அடியிலுள்ள காந்தமும் கம்பிச்சுருளும் இரும்பு, எஃகு போன்றவற்றின் அதிர்வையே உணரும். பித்தளை காந்தத்துக்கு வசப்படாது. கிதாரின் எஃகுத் தந்திகளுக்கே திரும்பினோம். ஓரத்துத் தந்திகள் இரண்டையும் கழற்றினோம். ஐந்தாவதையும் நான்காவதையும் ஒரு முழுச்சுரம் இறக்கி, மூன்றாவதைத் தொடாமல், இரண்டாவதை அரைச்சுரம் ஏற்றினோம். ப, ஸ, ப, ஸ! வீணையின் சுருதியே தான்.

இழுவிசை குறைந்ததால் கழுத்து சற்றே பின்வளைந்து, தந்திகள் மெட்டுகளில் உரசின; கழுத்தினுள் ஓடும் இரும்புக் கம்பியைத் தளர்த்தினோம். கமகம் பிடிக்கத்தான் இன்னும் விரல் வலிக்கிறது.