நாயினம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நாய்கள் நெடுங்காலம் வேட்டை, காவல், மந்தை மேய்ப்பு என்று தாம் செய்த வேலையைக் கொண்டே பிரித்தறியப்பட்டன. லண்டனில் 1873-ஆம் ஆண்டு கென்னல் கிளப் தொடங்கப்பட்டு, வம்சாவளிப் பதிவேடும் தோற்ற இலக்கணமும் நிலைபெற்ற பிறகுதான் நிறமும் காதும் வாலும் இனத்தின் அடையாளங்களாக இறுகின. தோற்றத்தைக் கொண்டு வகுத்த பிரிவைக் குணத்துக்கும் நலத்துக்கும் சான்றாகக் கொள்வதால்தான் நாய் வாங்குவோர் பலர் ஏமாறுகின்றனர்.

லாப்ரடார் என்றால் சாது, ராட்வைலர் என்றால் மூர்க்கம் என்னும் நம்பிக்கை மிகப் பரவலானது. அமெரிக்க ஆய்வாளர்கள் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையை உரிமையாளர்களிடம் கேட்டறிந்து, அவற்றுள் 2,155 நாய்களின் மரபணுத் தொடரையும் ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட முடிவின்படி, நாய்களிடையே காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனம் விளக்குகிறது. ஏவலுக்குக் கட்டுப்படும் தன்மையில் இனத்தின் சாயல் ஓரளவு தெரிந்தாலும், எளிதில் சீறும் இயல்பைக் கணிக்க இனப்பெயர் ஏறக்குறைய பயன்படுவதே இல்லை. குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரையிலான பழகுபருவத்தில், அதாவது புதிய மனிதரையும் ஓசைகளையும் அச்சமின்றி ஏற்கக் கற்கும் காலத்தில், அது எங்கே, யாரிடையே வளர்ந்தது என்று கேட்பதே பொருத்தமான கேள்வி.

தூய வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் உயர்ந்த ராஜபாளையத்தின் இலக்கணம் என்பது தமிழ்நாட்டுக்கே உரிய நம்பிக்கை. இதனால் விளைந்த கேடும் சிறிதன்று. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவியிலும் இருந்து கேட்கும் திறனைக் காக்கின்றன. நிறமின்மையையே சிறப்பாக எண்ணித் தலைமுறை தலைமுறையாக இணைசேர்க்கும்போது அவை உட்செவியில் இல்லாமற்போய், சில குட்டிகள் கேளாமையுடன் பிறக்கின்றன. டால்மேஷன் இனத்திலும் இதே குறை காணப்படுகிறது. கைதட்டிப் பார்த்து வாங்கும் வழக்கம் இங்கே உதவாது. ஒரு காது மட்டும் கேட்கும் குட்டியும் திரும்பிப் பார்க்கும், முற்றிலும் கேளாத குட்டியும் கையசைவையோ காற்றின் அதிர்வையோ உணர்ந்து திரும்பக்கூடும். ஒலிக்கு மூளை காட்டும் மின்துலங்கலை ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே அளக்கும் சோதனையே நம்பத்தக்கது.

பெரிய நாய்க்குப் பெரிய வீடு, சின்ன நாய்க்கு அடுக்ககம் என்னும் கணக்கும் சரியன்று. மின்னலென ஓடும் கிரேஹவுண்ட் நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்க, கையடக்கமான ஜாக் ரஸ்ஸலோ ஓயாமல் வேலை கேட்கும். கண்ணால் இரையைக் கண்டு துரத்தும் சிப்பிப்பாறையும் கன்னியும், குட்டை முடியும் ஒல்லி உடலும் கொண்டமையால் வெயிலைத் தாங்குமாயினும், ஓடுவதற்கு வேலியிட்ட திடல் வேண்டுபவை. சங்கிலி கழன்ற நிலையில் பூனை ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் எசமானின் குரல் அவற்றின் காதில் விழாது. சிறிய உருவுடைய பக் நாய்க்கோ இடம் தடையன்று, வெப்பமே தடை: நாய்கள் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடலைக் குளிர்விக்கின்றன, நசுங்கிய முகத்தின் குறுகிய காற்றுவழியோ அதற்கு இடந்தருவதில்லை. சித்திரை வெயிலில் நண்பகல் நடை அதன் உயிருக்கே ஆபத்தாகலாம்.

முடி உதிராத இனம் ஒவ்வாமை தராது என்பதும் விற்பனைப் பேச்சே. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் எச்சிலிலும் தோற்செதிலிலும் இருப்பதால், அதிலிருந்து முற்றிலும் விடுபட்ட இனம் எதுவுமில்லை.

ஆகவே, நாய் வாங்க எண்ணுவோர் நாள்தோறும் நடைக்கு ஒதுக்கக்கூடிய நேரத்தையும், வீட்டில் ஆள் இல்லாத மணிகளையும், கோடையில் வீடு கொள்ளும் வெப்பத்தையும் முதலில் கணக்கிட்டுக்கொண்டு, குட்டியைத் தாயோடு சேர்த்துக் காட்ட மறுப்பவரிடம் வாங்காமல் திரும்பிவிட வேண்டும்.