ஒரு பெயர், இரண்டு கோப்புகள்

பங்காருபாளையத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ்நூல் பெரும்பாலும் கைப்பேசி வழியாகவே வந்து சேர்கிறது. மாங்காய் மண்டியில் வேலை பார்க்கும் தந்தையின் கைப்பேசியை மாலையில் வாங்கி, ‘பொன்னியின் செல்வன்’ என்று தேடும் மாணவியின் முன் இருவகைக் கோப்புகள் தோன்றும். ஒன்று கல்கி எழுதிய புதினம்; மற்றொன்று மணிரத்னம் இயக்கிய திரைப்படம். பெயர் ஒன்றே, உரிமை வேறு.

கல்கி 1954ஆம் ஆண்டு மறைந்தார். இந்தியாவில் ஒரு நூலின் பதிப்புரிமை, ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் நீடிக்கும். தமிழக அரசோ அதற்கு முன்பே, 1999இல், அவர் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது. ஆகவே ஐந்து பாகங்களையும் எவரும் பதிவிறக்கலாம். 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் என்னும் மின்னூலகம், தன்னார்வலர் உழைப்பால் இத்தகைய நூல்களை இலவசமாக வழங்குகிறது.

திரைப்படத்தின் முதற்பாகம் 2022இல் வெளியானது. அதன் உரிமை தயாரிப்பாளர்களுடையது. 2,000க்கும் மேற்பட்ட இணையத்தளங்கள் அதனைத் திருட்டுத்தனமாக வெளியிடாதவாறு சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது.

கோப்பு வரும் வழியும் ஒன்றன்று. நேரடிப் பதிவிறக்கத்தில், வழங்கி எனப்படும் கணினியிலிருந்து முழுக்கோப்பும் வருகிறது. மண்டியில் ஒரே வியாபாரியிடம் கூடை நிறைய வாங்குவது போன்றது இது. வாங்கியவரை அவ்வியாபாரி அறிவார். எத்தளத்திற்குச் சென்றார் என்பதை இணைய இணைப்புத் தரும் நிறுவனமும் அறியும்.

2001இல் பிராம் கோஹன் உருவாக்கிய டோரண்ட் முறை இதனின் வேறுபட்டது. கோப்பு துண்டுதுண்டாகப் பலருடைய கணினிகளிலிருந்து வருகிறது. பெற்ற துண்டைப் பெற்றவரே உடனுக்குடன் பிறர்க்கும் அனுப்புகிறார். பங்கு கொள்வோரின் ஐ.பி. முகவரி மற்றவர்க்கு வெளிப்படையாகத் தெரியும்; அக்கூட்டத்தில் உரிமையாளர் அமர்த்திய கண்காணிப்பாளரும் இருக்கலாம். முறையில் குற்றமில்லை. உபுண்டு என்னும் கட்டற்ற இயங்குதளத்தை அதன் நிறுவனமே டோரண்ட் வழியாகவும் தருகிறது. ஆனால் திரைப்படத்தை அவ்வழியில் எடுத்தால், பார்க்க மட்டுமே விரும்பிய மாணவி, தான் அறியாமலே அதனை விநியோகிப்பவளும் ஆகிறாள்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, அறிந்தே உரிமையை மீறுவோர்க்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக நோக்கம் இல்லையெனில் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆயினும் இணைப்பு எவர் பெயரில் உள்ளதோ, அவரிடமே முதலில் விசாரணை வரும். இங்கே அது தந்தையின் பெயர்.

திருட்டுத் தளங்களில் வேறோர் இடரும் உண்டு. படம் என்று சொல்லித் தரப்படும் கோப்பின் பெயர் ‘ஏ.பி.கே.’ என முடிந்தால், அது படமன்று, செயலி. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அது அனுமதி கேட்கலாம். மண்டிக் கூலி வந்து சேரும் வங்கிக் கணக்கின் ஓ.டி.பி. எண் வருவதும் அக்குறுஞ்செய்தியில்தான்.

பயிற்சி

1. மாணவி டோரண்ட் முறையில் விநியோகிப்பவளாக ஆவது எவ்வாறு? விளக்குக.
2. வீட்டுக் கைப்பேசியில் உள்ள ஐந்து கோப்புகளின் பெயர் முடிவைப் பார்த்து, அவை நூலா, படமா, செயலியா எனப் பிரித்து எழுதுக.