தொல்லுயிரியலுக்கு வரும் இளம் பெண்ணுக்கு ஒரு கடிதம்

சோஃபியா கீலன்-யவோரோவ்ஸ்கா (1925–2015) போலந்து நாட்டுத் தொல்லுயிரியலாளர். ஜெர்மானியர் பல்கலைக்கழகங்களை மூடிவிட்ட போர்க்காலத்தில் ரகசிய வகுப்புகளில் படித்தார். ஜெர்மானியருக்கு எதிரான 1944 வார்சா எழுச்சியில் காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்தார். போர் முடிந்து நகரமே இடிபாடாகக் கிடந்தபோது, பேராசிரியர் ரோமான் கோஸ்லோவ்ஸ்கி தம் வீட்டில் நடத்திய வகுப்புகள்தான் அவரை இத்துறைக்குள் இழுத்தன. ஆய்வகம் அமையட்டும் என்று காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

1963 முதல் 1971 வரை கோபிப் பாலைவனத்துக்குச் சென்ற போலந்து–மங்கோலியக் கூட்டுப் பயணங்களுக்குத் தலைமை தாங்கியவர் அவர். 1965இல் அவர் கண்டெடுத்தது சுமார் 2.4 மீட்டர் நீளமுள்ள ஒரு ஜோடி கைகளின் புதைபடிவம். அந்த டைனோசருக்கு 1970இல் டைனோகைரஸ் என்று பெயரிட்டவர்களோ அவர் குழுவின் ஹால்ஷ்கா ஓஸ்மூல்ஸ்காவும் எவா ரோனிவிச்சும். கண்டெடுத்தவருக்கே எல்லாம் என்றிருந்தால் அந்தக் குழுவில் இத்தனை பெண்கள் தனித்தனி வல்லுநர்களாகப் பெயர் பெற்றிருப்பார்களா என்பது சந்தேகமே. உடன் வேலை செய்வோருக்குப் பங்கு விடும் பழக்கம் முதல் கட்டுரையிலேயே தொடங்க வேண்டியது.

கூட்டம் சேர்ப்பது டைனோசர்தான். ஒன்றையொன்று பற்றிய நிலையில் 1971 பயணத்தில் கிடைத்த வெலோசிராப்டரும் புரோட்டோசெராட்டாப்ஸும் இன்றும் ஆளை இழுக்கின்றன. சோஃபியாவின் சொந்த ஆய்வோ, அதே காலத்தில் வாழ்ந்த எலி அளவுப் பாலூட்டிகளைப் பற்றியது. அவற்றின் மண்டையோடு சில சென்டிமீட்டர்தான். தரையோடு தரையாகக் குனிந்து, சிறு கற்கட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் அகப்படும். பயணங்களைப் பற்றி அவர் பொதுமக்களுக்கு எழுதி, 1969இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த நூலின் தலைப்பில் இருப்பது டைனோசர் வேட்டை. உள்ளே இந்தச் சிறிய பாலூட்டிகளுக்கும் இடமுண்டு. அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்ல விரும்புவோர் பெரிய விலங்கை வாசலாக வைத்துக்கொள்வதில் தவறில்லை, வாசலோடு நிறுத்திவிடாத வரை.

முடிவை மட்டும் சொல்லாமல் அதன் ஆதாரத்தையும் சேர்த்துச் சொல்வது அதைவிட முக்கியம். அந்தச் சிறிய பாலூட்டிகளில் ஒரு பிரிவான, அழிந்துபோன மல்டிட்யூபர்குலேட்களின் இடுப்பெலும்பு மிகக் குறுகலாக இருப்பதைக் கண்ட சோஃபியா, அவை முட்டையிட்டிருக்க முடியாது, மிகச் சிறிய குட்டிகளையே ஈன்றிருக்கும் என்று 1979இல் வாதிட்டார். இடுப்பின் அகலத்தை விளக்கினால் பள்ளி மாணவருக்கும் இது புரியும். மாற்றுக் கருத்து வரும்போது எதை எதனுடன் ஒப்பிடுவது என்பதும் தெரியும். அப்படி ஒன்று 2022இல் வந்தது: தொடையெலும்பின் திசுவை ஆராய்ந்தவர்கள், அந்தக் குட்டிகள் தாய் வயிற்றில் நெடுநாள் வளர்ந்தே பிறந்திருக்கலாம் என்கிறார்கள்.